விடியுமுன் விழித்தவர்

1879 டிசம்பர் 30ஆம் நாள், திருவாதிரைத் திருநாள் கழிந்த நள்ளிரவில், திருச்சுழியில் வேங்கடராமன் பிறந்தார். பதினாறு வயதில் மதுரையில் மரண அச்சத்தை எதிர்கொண்டு வென்ற அவர், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்ததையும் அறியாது அமர்ந்திருந்தார். அவருக்கு மந்திர உபதேசம் செய்தவர் எவருமில்லை.

மந்திரத்திலேயே ஊறிய ஒருவர் 1907 நவம்பர் 18 அன்று அவரை நாடி மலையேறினார். நவத்வீபத்துப் புலவரவையில் நினைத்தவுடன் வடமொழிக் கவி பொழிந்து காவ்யகண்டர் என்று பட்டம் பெற்ற கணபதி சாஸ்திரிகள் அவர். ஆண்டுக்கணக்காகச் செபித்தும் தவம் இன்னதென விளங்கவில்லையே என்று காலில் விழுந்தார். சொல்லுக்கு அஞ்சாத கவிஞர், பேசவே தயங்கும் இளைஞர்முன் சொல்லிழந்து நின்றார். நெடிய மௌனத்துக்குப் பின் விடை வந்தது: செபிக்கும் மந்திரத்தின் ஒலி எங்கிருந்து எழுகிறதென்று நோக்கினால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்பது அதன் சாரம். அதுவரை பிராமண சுவாமி என வழங்கப்பட்டவருக்கு ரமண மகரிஷி என்று பெயரிட்டவர் அக்கவிஞரே.

பிட்சைக்குச் செல்லும் அடியார் பாடுவதற்காக ரமணர் இயற்றியது 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலை. பின்னாளில் ஆசிரமத்தில் பல்லாண்டுகள், ஊர் உறங்கும் வேளையில் எழுந்து அடுக்களையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், சிந்திய அரிசியைப் பொறுக்கியெடுத்தார். தியானம் வேறு, அவ்வேலை வேறு என்று அவர் பிரித்ததில்லை.

1950 ஏப்ரல் 14 இரவு, அறைக்கு வெளியே அடியார்கள் அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருக்கையில், 8.47 மணிக்கு அவர் மூச்சு அடங்கியது.