வகுப்பறைக் கதவைத் திறந்த அம்மையார்

ஸ்கேன் மெஷின் பார்க்கிற இன்ஜினியர் நான். ஊர் லைட்ஹவுஸ் குப்பம். ரேடியாலஜி சீட்டுக்கு நடக்கிற போட்டியைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன். அப்போதெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஞாபகம் வரும்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் போராடி இடம் பிடித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பெண்களைத் தம் வகுப்பில் விடுவதில்லை. அதே பாடத்தில் அம்மையார் முதல் மார்க் வாங்கினார், கதவு திறந்தது. 1912-இல் டாக்டரானார்.

பிறகு தங்கையைப் புற்றுநோய் கொண்டு போயிற்று. அந்தத் துக்கம்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 1968-இல் அம்மையார் மறைந்தார்.

சீட்டுக்காகக் கண்விழிக்கிற தம்பி, தங்கைகளே! இன்று ராங்க் என்னவென்று கேட்கிற ஊர், நாளைக்கு யாருக்கு வைத்தியம் பார்த்தாய் என்றும் கேட்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.