ஜூலையில் ஓர் அடையாறு உலா: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை வழியே



சென்ற இதழில் கேட்டிருந்தபடி, குழந்தைகளையும் ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் அழைத்துச் செல்ல நம் பகுதியில் என்னென்ன இருக்கின்றன என்று எழுத உட்கார்ந்தேன். கடற்கரை, ஆலமரம், கலாக்ஷேத்ரா, காந்தி மண்டபம், கிண்டி சிறுவர் பூங்கா என்று பட்டியல் தானாக வந்துவிட்டது. ஆனால் இவற்றுக்கு நடுவே நாம் தினமும் கடந்து போகிற இரண்டு வாசல்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒன்று பெசன்ட் அவென்யூவில் உள்ள அவ்வை இல்லம். இன்னொன்று கால்வாய் ஓரத்துப் புற்றுநோய் மருத்துவமனை. இரண்டையும் தொடங்கியவர் ஒரே பெண்மணி. அவருடைய பிறந்த நாள், நினைவு நாள் இரண்டுமே ஜூலையில் வருகின்றன. அதனால் இந்த முறை இடங்களைப் பற்றிய குறிப்பை அவருடைய கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், கோயிலோடும் இசையோடும் இணைந்த தேவதாசி மரபில் வந்தவர். படித்த தந்தை ஒரு பக்கம், ஊர் குறைவாகப் பேசிய தாய்வழி மரபு இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவர் பின்னால் செய்ததெல்லாம் எளிதாகப் புரியும்.

பெண்ணுக்கு ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அடுத்தது கல்யாணம் என்றிருந்த காலம். மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி ஆனார் முத்துலட்சுமி.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பதக்கங்களோடு தேறினார். வாட்ஸப்பில் சுற்றும் செய்தி ஒன்று இவரை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்கிறது. அது சரியல்ல. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் பட்டம் பெற்ற ஆண்டு 1886. இவர் பிறந்ததே அந்த ஆண்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர் என்பதே சரி. அதன்பின் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கலப்புத் திருமணம், அதுவும் சடங்குகளை விட்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் நடந்தது. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று முன்பே நிபந்தனை வைத்து, அவர் ஒப்புக்கொண்ட பிறகே சம்மதித்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இப்படிப் பேசி முடித்த கல்யாணம் இது. இரண்டு மகன்கள் பிறந்தார்கள். கூடுதல் தகவல் ஒன்று: நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை.

சட்டமன்றத்தில் நான்கு ஆண்டுகள்

1926-ன் இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். உறுப்பினர்கள் அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.

அங்கே அவர் கையில் எடுத்த பெரிய வேலை, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பது. 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. தேவதாசிப் பெண்களின் மானிய நிலம் கோயில் ஊழியத்தோடு கட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டை இந்தத் திருத்தம் அவிழ்த்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் கையை விட்டுப் போகாது என்பதுதான் இதன் பயன். பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-ல் முன்வைத்தார். அது நிறைவேறும் முன், உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். அந்தச் சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கு எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்களும் எதிர்த்தார்கள். எங்கள் கலையையும் பிழைப்பையும் மானத்தையும் ஒரே கோட்டில் அடிக்கிறீர்களே என்பது அவர்கள் வாதம். அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ முத்துலட்சுமியின் பக்கம் நின்றார். 1932-ல் சதிர் ஆட்டத்தை ஆதரித்த இ. கிருஷ்ண ஐயருக்கும் முத்துலட்சுமிக்கும் பத்திரிகைகளில் கடிதப் போரே நடந்தது. சிறுமிகள் காப்பாற்றப்பட்டது உண்மை. தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பங்களின் பெண்கள் மேடையை இழந்ததும் உண்மை. நம் பகுதியில் வசிக்கும் நாம் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அந்த வாதத்தின் இரு முனைகளும் நமக்கு நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாசலில் வந்து நின்ற மூன்று பெண்கள்

1930-ல் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் டாக்டரம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள். அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றார். எங்கும் இடம் கிடைக்கவில்லை. மற்ற மாணவிகளோடு இவர்களைத் தங்க வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

சட்டம் கொண்டுவரப் பாடுபட்டவருக்கு இது ஒரு பாடம். வெளியே வா என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிடலாம். வெளியே வந்தவள் அன்றிரவு எங்கே படுப்பாள்? அவர் தன் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். ஆதரவற்ற பெண் குழந்தைகள் எந்தச் சாதியாக இருந்தாலும் சேரலாம் என்பது தொடக்கத்திலேயே வைத்த விதி. பிறகு இல்லம் அடையாறுக்கு வந்தது. பள்ளி வளர்ந்தது, ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்தது. இன்று காலையில் பெசன்ட் அவென்யூவில் சீருடையோடு போகும் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறோமே, அவர்களில் பலர் அந்த மூன்று பெண்களுக்காகத் திறந்த கதவு வழியாக வந்தவர்கள்தான்.

தங்கைக்காக ஒரு மருத்துவமனை

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். முதலில் நோய் இன்னதென்றே சரியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே டாக்டர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போன அந்தத் துயரம் அவரை விடவில்லை. மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது பெண்கள், குழந்தைகள் நோய்களோடு புற்றுநோய் பற்றியும் கற்றுவந்தார்.

ஆனால் மருத்துவமனை உடனே வந்துவிடவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. குணமாகாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று பலரும் நினைத்தார்கள். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 63. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் வயது. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் பிறகு நாட்டில் புற்றுநோய்க்கென்று அமைந்த தொடக்ககால மையங்களில் ஒன்று இது.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அறுவை சிகிச்சை நிபுணராகப் பொறுப்பேற்றார். 1955-ல் சாந்தா என்ற இளம் மருத்துவர், கைக்கு வந்த அரசு வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தார். அவர் அந்த வளாகத்திலேயே வாழ்ந்து, 2021-ல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். பணம் இருப்பவர் இல்லாதவர் என்று பார்க்காமல் ஒரே சிகிச்சை தர வேண்டும் என்ற தொடக்க நோக்கத்தை விடாமல் காத்தவர் அவர்.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று தம் 81-ஆம் வயதில் காலமானார்.

எப்படிப் போகலாம்?

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். இரண்டு காலை வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் காலை: பெசன்ட் அவென்யூ. தியாசபிகல் சொசைட்டி 1882-லிருந்து இங்கே இருக்கிறது. புகழ்பெற்ற ஆலமரத்தின் மூல மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி நிற்பதைத்தான் இன்று காண்கிறோம். அம்மையார் தலைமையேற்று உழைத்த இந்திய மாதர் சங்கம் 1917-ல் தொடங்கியதும் இந்த அடையாறில்தான். பார்வை நேரம் குறைவு, விடுமுறை நாட்களும் உண்டு, விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். அதே சாலையில் அவ்வை இல்லம். அது சுற்றுலா இடம் அல்ல, பெண் குழந்தைகளின் வீடு. முன்அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். பிறந்த நாள் என்று கேக்கோடு போய் போட்டோ எடுப்பதைவிட, என்ன தேவை என்று முதலில் போன் செய்து கேட்டு அதை வாங்கித் தருவது நல்லது. அங்கிருந்து எலியட்ஸ் கடற்கரை பக்கம்தான்.

இரண்டாம் காலை: திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. 1936-ல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கியது, பிறகு இங்கே மாறியது. கோயிலிலும் கச்சேரியிலும் இருந்த ஆட்டம் பரதநாட்டியமாகப் புது மேடை ஏறிய இடம் இது. பெசன்ட் அவென்யூவில் பெண்களைக் காத்த இல்லம், இங்கே கலையைக் காத்த பள்ளி. முன்பு சொன்ன வாதத்தின் இரு முனைகள் இவைதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டு கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். திரும்பும் வழியில் கஸ்தூர்பா நகர் ரயில் நிலையத்துக்குப் பக்கம் கால்வாய்க் கரையில் மருத்துவமனையின் பழைய வளாகத்தைக் காணலாம். பெரிய வளாகம் சர்தார் படேல் சாலையில். அதே சாலையில் மேலே போனால் காந்தி மண்டபமும் சிறுவர் பூங்காவும்.

ஒரு வேண்டுகோள்

நானும் ஏழு ஆண்டுகள் அந்த மருத்துவமனை வாசலைத் திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தேன். பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று எதிர்ப்பக்கம் மாறிப் போனதும் உண்டு. இந்தக் கதையைப் படித்த பிறகு அப்படிப் போக முடியவில்லை. வெளியூரிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து, கையில் ஃபைலோடு நடைபாதையில் நிற்பவர்கள் வழி கேட்பார்கள், மலிவான சாப்பாடு எங்கே என்று கேட்பார்கள், சில மாதத்துக்கு ஓர் அறை கிடைக்குமா என்று கேட்பார்கள். நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து வீடு தர மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புற்றுநோய் அப்படித் தொற்றிக்கொள்ளும் நோய் அல்ல. அன்று அந்த மூன்று பெண்களுக்கும் விடுதிகளில் கிடைத்த பதில், நம் தெருவில் யாருக்கும் கிடைக்கக் கூடாது.

செய்யக்கூடியவை இன்னும் இரண்டு. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ரத்தம் எப்போதும் தேவை. 18 வயது நிரம்பிய ஆரோக்கியமானவர்கள் ரத்த வங்கியில் விசாரித்துவிட்டுப் போய்க் கொடுக்கலாம். அடுத்து, அம்மையார் பெயரில் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து ரூ.18,000 மதிப்புள்ளது. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களோ, செக்யூரிட்டி ஊழியர்களின் மனைவியரோ கர்ப்பமாக இருந்தால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீக்கிரமே பதிவு செய்யச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

ஜூலை 30 அன்று அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினம் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, விருப்பமுள்ளவர்கள் நம் கேட் அருகே வாருங்கள். பெசன்ட் அவென்யூ வரை சேர்ந்து நடப்போம். தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள். குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டி வாருங்கள்.