சந்துகளைத் தேடிப் போன போதகர்: தாமஸ் சால்மர்ஸ் (1780–1847)

நம் கல்லூரியின் ஆதி கதையை எடுத்தால், 1837இல் சென்னையில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஜான் ஆண்டர்சனிலிருந்து ஆரம்பிப்போம். அவருக்குத் தூண்டுதலாயிருந்தவர் கல்கத்தாவின் அலெக்சாண்டர் டஃப். டஃப்புக்கு ஆசிரியர் தாமஸ் சால்மர்ஸ். அந்தக் கணக்கில் இவர் நமக்குக் கொள்ளுத்தாத்தா முறை!

ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான ஆன்ஸ்ட்ரதரில் பிறந்தவர். 1803இல் கில்மெனி கிராமத்துக்குப் போதகரானார். ஆனால் மனசெல்லாம் கணிதத்தில்தான். நெடுநாள் நோயில் படுத்த பிறகே வேதம் அவரைப் பிடித்துக்கொண்டது.

1815இல் கிளாஸ்கோவின் ட்ரான் ஆலயத்துக்கு வந்தார். பிரசங்கம் கேட்கக் கூட்டம் முண்டியடித்தது. வேறொருவராயிருந்தால், சபை வளருது என்று திருப்தியாக இருந்திருப்பார். இவரோ சேகரத்து வீடுகளையெல்லாம் ஏறி இறங்கினார், பதினோராயிரம் பேருக்கு மேல். அப்போதுதான் விஷயம் வெளிச்சமாயிற்று. ஆலயத்தை நிரப்பியவர்களில் பலர் நகரின் வேறு பகுதிகளிலிருந்து வந்த வசதிக்காரர்கள். பக்கத்துச் சந்துகளில் ஆலைத் தொழிலாளிகள் ஆராதனை வாசனையே இல்லாமல் கிடந்தார்கள். அந்நாளில் ஆலயத்தில் உட்காரும் இடத்துக்கு வாடகை வேறு உண்டு. அவர்கள் எப்படி வருவார்கள்?

ஜனங்கள் தாமாகத் தேடி வரமாட்டார்கள், சபைதான் போக வேண்டும் என்பது அவர் கட்சி. லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்து உவமையை நினைத்தால் இது விளங்கும். 1819இல் சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட புனித யோவான் சேகரத்தை ஏற்று, அதை 25 வட்டாரங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஆத்தும காரியத்துக்கு ஒரு மூப்பர், ஏழைகளின் காரியத்துக்கு ஒரு உதவிக்காரர். வரிப்பணம் வேண்டாம், காணிக்கையே போதும் என்றார். ஏழைகளுக்கான செலவு ஆண்டுக்கு 1,400 பவுனிலிருந்து 280 பவுனாகக் குறைந்தது. இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. உதவி கேட்டவர்களைத் துருவி விசாரித்தது கடுமைதான். வசதியுள்ள தொண்டர்களும் இவர் பேரும் இல்லாத இடத்தில் இது நடந்திருக்குமா? 1823இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராசிரியராகப் போய்விட்டார். டஃப் அவரிடம் படித்தது அங்கேதான். கிளாஸ்கோ ஏற்பாடு 1837இல் நின்றுபோயிற்று.

1843இல், சபை விரும்பாத போதகரை நிலப்பிரபு திணிக்கலாமா என்ற வழக்கில் ஸ்காட்லாந்து திருச்சபை பிளந்தது. 450க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய சுயாதீன சபைக்குச் சால்மர்ஸ் முதல் தலைவர். சென்னையில் ஆண்டர்சனும் அந்தப் பக்கமே நின்றார்.

இனி ஓய்வெடுக்கலாமே! 64 வயதில், எடின்பரோவில் வெஸ்ட் போர்ட் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் ஆட்களைக் கொன்று பிணங்களை விற்ற பேட்டை அது. சுமார் 2,000 ஜனத்தில் 1,500 பேர் எந்த ஆலயத்துக்கும் போகாதவர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 411 பேரில் 290 பேருக்குப் படிப்பில்லை. பேட்டையை 20 வட்டாரமாக்கி, வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பினார். 1844இல் முதலில் பள்ளிக்கூடம், சிறு கட்டணத்தோடு. பிறகு தோல் பதனிடும் கிடங்கின் மேல்மாடியில் ஆராதனை. பொறுப்பை வில்லியம் டாஸ்கர் என்ற போதகரிடம் கொடுத்தார். இந்தத் தடவை வேலை தம் பேரை நம்பி நிற்கவில்லை.

1847 பிப்ரவரியில் அங்கே ஆலயம் திறந்தார்கள். ஏப்ரல் 25 அன்று சால்மர்ஸ் அந்தச் சபையாருக்கு முதல் திருவிருந்து கொடுத்தார். மே 31 காலை எழுப்பப் போனவர்கள், படுக்கையிலேயே அவர் உயிர் பிரிந்திருக்கக் கண்டார்கள்.