படித்தவர் செய்த பாவம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் தவறு செய்ய மாட்டான் என்பது என் தந்தையின் நம்பிக்கை. ஆல்பர்ட் ஸ்பியரின் வாழ்க்கையைப் படிக்கும் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

1905-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ஸ்பியர். தந்தையைப் போலவே கட்டடக் கலை பயின்றார். 1931-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, இட்லரின் அன்புக்குரிய கலைஞரானார். பெர்லின் யூதர்களின் வீடுகளைப் பறித்ததில் அவரது அலுவலகத்துக்குப் பெரும் பங்குண்டு. 1942-இல் போர்த்தளவாட அமைச்சரானார்.

ஆலைகள் இரவு பகலாக ஓடின. ஓட்டியவர்கள் யார்? பிடித்து வரப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளரும் வதைமுகாம் கைதிகளும் அல்லவா! இயற்பியல் மாணவர்களாகிய நாம் வியக்கும் வி-2 ராக்கெட், டோரா முகாமின் மலைச்சுரங்கத்தில் கைதிகள் கைகளால் உருவானது. அங்கும் அதன் துணை முகாம்களிலும் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் மூன்றில் ஒருவர் மாண்டனர். 1943 டிசம்பரில் ஸ்பியர் அச்சுரங்கத்தை நேரிலேயே பார்வையிட்டார்.

போர் முடிந்தது. நூரம்பர்க் நீதிமன்றத்தில் பலரும் பழியை மறுக்க, ஸ்பியரோ ஆட்சியின் பொதுப் பொறுப்பை ஏற்றார்; யூதர் படுகொலை மட்டும் தமக்குத் தெரியாது என்றார். 20 ஆண்டுச் சிறைக்குப் பின் 1966-இல் வெளிவந்தார். 1969-இல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் அமோகமாக விற்றன. நல்ல நாஜி என்ற பெயரும் பரவிற்று.

மக்கள் ஏன் நம்பினர்? அமைச்சருக்கே தெரியாதென்றால் சாதாரணக் குடிமகனுக்கு எப்படித் தெரியும்? ஒருவரது பொய், ஊருக்கே குடையாயிற்று.

1981-இல் அவர் மறைந்தார். பொய் அதன்பின்தான் முற்றிலும் வெளுத்தது. 1943 அக்டோபரில் போசன் நகரில், யூதர்களை அழிப்பது பற்றி இம்லர் வெளிப்படையாகப் பேசிய கூட்டத்தில் தாம் இருந்ததாக, 1971-இல் ஒரு கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அக்கடிதம் 2007-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

இக்கதையை என் தந்தையிடம் சொன்னேன். செங்கல் சூளையில் கூலி வேலை செய்பவர் அவர். சுரங்கத்தில் உழைத்தவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நண்பர்களே! அந்தக் கேள்வியை ஸ்பியரின் வாசகர்கள் கேட்டிருக்க வேண்டும். பட்டம் பெறப்போகும் நாமும் அதைக் கேட்க மறவாதிருப்போம்.