எட்வின் ஆம்ஸ்ட்ராங்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1890-ஆம் ஆண்டு எட்வின் ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். யாங்கர்ஸ் என்னும் ஊரில் இருந்த தம் வீட்டு மேன்மாட அறையையே அவர் இளமையில் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். வானொலிக் கருவிகளைத் தம் கையாலேயே இணைத்தார்.

அக்காலத்தில் டி பாரஸ்ட் என்பார் அமைத்த மும்முனைக் குழல் ஒன்று இருந்தது. அதனுள் சூடேறிய இழையினின்று எழும் எலக்ட்ரான்கள் தகட்டை நோக்கிப் பாயும். இடையே நிற்கும் வலைக்கம்பியில் சிறு மின்னலை பட்டாலும் அப்பாய்ச்சல் பெரிதும் மாறும். தகட்டு மின்னோட்டத்தில் ஒரு பகுதியை மீண்டும் வலைக்கம்பிக்கே செலுத்தினால் என்ன என்று, கொலம்பியா பல்கலைக்கழக மாணவரான ஆம்ஸ்ட்ராங் 1912-இல் எண்ணினார், அவ்வாறே இணைத்தார். மெல்லொலி பன்மடங்கு பெருகி, கேட்குங்கருவியைக் காதிற் பொருத்தாமலே அறையெங்கும் கேட்டது.

உரிமைப் பதிவுக்குப் பொருள் வேண்டித் தந்தையை நாடினார். தந்தையோ முதலில் படிப்பை முடிக்குமாறு பணித்தார். ஆதலின், 1913 சனவரியில் மின்சுற்றின் படத்துக்கு மட்டும் சான்றொப்பம் பெற்றார்.

பின்னர், அக்கண்டுபிடிப்பு தமதே என டி பாரஸ்ட் வழக்காடினார். 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. மனம் நொந்த ஆம்ஸ்ட்ராங், அக்கண்டுபிடிப்புக்காக வானொலிப் பொறியாளர் கழகம் தமக்கு வழங்கியிருந்த பதக்கத்தைத் திருப்பித் தர முன்வந்தார். கழகத்தார் அதனை ஏற்க மறுத்து, அப்பெருமை அவருக்கே உரியதென உறுதி கூறினர்.

இரைச்சல் குறைந்த பண்பலை வானொலியையும் உலகிற்கு அளித்த அவர் 1954-இல் மறைந்தார். தீர்ப்பு மாறலாம், உண்மை உழைப்பைத் தொழில் அறிந்தோர் மறவார்.