செக்கிழுத்த கை எழுதிய புத்தகங்கள்

1908-ஆம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி. கோயமுத்தூர் சிறைக்குள் ஒரு புதிய கைதி கொண்டு செல்லப்பட்டார். வயது 35. அவர் திருடவில்லை, கொலை செய்யவில்லை. தூத்துக்குடியில் பேர்பெற்ற வக்கீல். வெள்ளையருக்குப் போட்டியாகக் கடலில் கப்பல் விட்டவர்.

அவர்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை!

கடலில் போட்டி

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தவர் சிதம்பரனார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீலானார். ஏழைகளுக்காக வாதாடிப் பேர் வாங்கினார்.

1905-ல் வெள்ளையர் ஆட்சி வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் சுதேசிக் கிளர்ச்சி மூண்டது. அதே ஆண்டில் ஆசிய நாடான ஜப்பான், ரஷ்யாவைப் போரில் தோற்கடித்தது. ஐரோப்பியரை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை கீழ்நாடுகளில் பரவியது.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு வந்தது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. அதை எதிர்த்து 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் சிதம்பரனார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம் என்றும் சொல்லிப் பார்த்தது. மக்கள் சுதேசிக் கப்பலைத் தேடியே போனார்கள்.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணை நின்றார் சிதம்பரனார். தொழிலாளர் வென்றார்கள். அரசாங்கத்தின் கோபம் எல்லை மீறியது. மார்ச் 12-ந் தேதி அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்து எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டனர்.

நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். இரண்டு ஆயுள் தண்டனை. மொத்தம் 40 ஆண்டு! அதைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப் போனார். மேல்முறையீடுகளுக்குப் பிறகுதான் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

மாட்டுக்குப் பதில் மனிதன்

கோவைச் சிறையில் முதலில் சணல் எந்திர வேலை கொடுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது, இரத்தம் கசிந்தது. அதன் பிறகு செக்கு. மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கை வெயிலில் அவர் இழுத்தார். உணவு கேழ்வரகுக் கூழ்.

உடன் இருந்த கைதிகளோ அவரிடம் பக்தி வைத்தார்கள். ஒருவர் அவரைக் கண்டால் கை கூப்புவார். ஜெயிலருக்கு அது பொறுக்கவில்லை. செக்கில் பூட்டியும் அந்த மனிதருக்கு மதிப்புக் குறையவில்லையே!

சிறைக்கு வெளியே கோவையில் ஒரு நல்ல உள்ளம் இருந்தது. பெரியபுராணத்துக்கு உரை எழுதிய வக்கீல் சி. கே. சுப்பிரமணிய முதலியார் துணையாக நின்றார்.

பகலில் செக்கு, ஓய்வு கிடைத்தால் ஏடு. ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூல் ஒன்றைத் தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் அது 1909-ல் வெளிவந்தது. எண்ணம் எப்படியோ வாழ்வும் அப்படியே என்பது அதன் சாரம். 1910-ல் அதே சிறையில் தொல்காப்பியத்தை நச்சினார்க்கினியர் உரையோடு படித்தார்.

1910 டிசம்பர் 1-ந் தேதி அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். மதுக்கரையைத் தாண்டி, பாலக்காட்டுக் கணவாய்க்கும் அப்பால் மலையாளக் கரையில் உள்ள ஊர் அது. அங்கே ‘மெய்யறம்’ என்ற அறநூலை இயற்றினார். அவர் சிறையில் இருக்கும்போதே கப்பல் கம்பெனி மூடப்பட்டது. கப்பல்களும் விலை போயின.

வறுமையிலும் தமிழ்

1912 டிசம்பர் 24-ந் தேதி விடுதலையானார். வாசலில் பெருங்கூட்டம் காத்திருக்கவில்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியடிகள் மூலம் 1916-ல் வந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சம் மூலதனத்தில் கம்பெனி கண்டவருக்கு அந்தத் தொகை பெரிய உதவியாக இருந்தது!

பிறகு சில காலம், தாம் செக்கிழுத்த அதே கோவை நகரிலேயே குடியிருந்தார். தொழிலாளர் இயக்கத்திலும் ஈடுபட்டார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர், நல்லது செய்த வெள்ளையரை வெறுக்கவில்லை.

தமிழ்ப்பணி மட்டும் நிற்கவே இல்லை. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917-ல் பதிப்பித்தார். சிறையில் தொடங்கிய தொல்காப்பியப் படிப்பு, இளம்பூரணர் உரையை அச்சேற்றுவதில் போய் முடிந்தது. தம் வாழ்க்கையையும் செய்யுளில் எழுதி வைத்தார்.

1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் கண்ணை மூடினார். நாடு விடுதலை பெற இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.

இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவையில் அவர் பெயரால் பூங்கா இருக்கிறது. அவர் இழுத்த செக்கு சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். அவர் எழுதிய நூல்களோ நூலகங்களில் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் அவற்றைத் திறக்கலாம். கப்பலை விற்க முடிந்தது. சன்னதைப் பறிக்க முடிந்தது. அந்தக் கை எழுதியதை யாராலும் பறிக்க முடியவில்லை.