காலனை எதிர்நோக்கிய கர்மயோகி சுவாமி விவேகானந்தர்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் விவேகானந்தா ஆசிரமம் 1904-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர்களின் முயற்சியால் நிறுவப்பெற்றது. சுவாமிகள் மகாசமாதி எய்தி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1897 ஜனவரியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவருக்கு அளிக்கப்பெற்ற வரவேற்பின் நினைவு, இரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் பணிபுரிய மலாயா வந்த அம்மக்களின் நெஞ்சில் நின்றிருக்க வேண்டும். சுவாமிகளுக்கும் இப்பகுதி புதியதன்று. 1893 மே 31-இல் பம்பாயில் கப்பலேறிய அவர், பினாங்கு, சிங்கப்பூர் வழியாகவே ஜப்பானை அடைந்து அமெரிக்கா சென்றார்.

சிகாகோ சர்வ சமயப் பேரவையில் அவர் பெற்ற வெற்றியை அறியாதார் இலர். விழா மலர்கள்தோறும் அதுவே எழுதப்படுகிறது. அதன்பின் அவர் இவ்வுலகில் இருந்தது ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவு என்பதும், அவற்றுள் பிற்பகுதி முழுவதும் நோயோடு கழிந்தது என்பதும் அத்துணைப் பேசப்படுவதில்லை.

1863 ஜனவரி 12-இல் கல்கத்தாவில் நரேந்திரநாத தத்தராகப் பிறந்தவருக்கு மரணம் இளமையிலேயே அறிமுகமாயிற்று. 1884-இல் தந்தையார் திடீரென மறைந்தார். செல்வத்தில் வளர்ந்த குடும்பம் உணவுக்கே அல்லலுற்றது. மறு ஆண்டில் குருநாதர் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. காசிப்பூர் தோட்டவீட்டில் இரவு பகலாக அவருக்குப் பணிவிடை செய்த இளைஞர்களுக்கு நரேந்திரரே தலைவராக விளங்கினார். உணவு விழுங்கவும் இயலாத நிலையிலும் தம்மை நாடி வந்தவர்க்கு உபதேசம் அருளுவதைக் குருநாதர் நிறுத்தவில்லை. 1886 ஆகஸ்டு 16-இல் அவர் மகாசமாதி அடைந்தார். சீடர் கற்ற பாடங்களுள் இதனினும் பெரியது வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. கடோபநிடதத்தில் யமனின் வாயிலில் அஞ்சாது காத்திருந்த நசிகேதனின் கதை சுவாமிகளுக்குப் பெரிதும் உவப்பானதாக இருந்ததும் வியப்பன்று.

1897-இல் தாயகம் திரும்பியபோது அவர் உடல் தளர்ந்திருந்தது. நீரிழிவு கண்டிருப்பதாக மருத்துவர்கள் கூறினர். இன்று நம் இல்லங்களில் பலருக்கு இந்நோய் உண்டு. மாத்திரையும் ஊசியும் துணை நிற்கின்றன. இன்சுலின் கண்டறியப்பட்டதோ 1921-இல். அக்காலத்தில் ஓய்வும் பத்தியமுமே மருந்து. ஆஸ்துமாவும் உறக்கமின்மையும் உடன் சேர்ந்தன. நாற்பது வயதைத் தாம் காணப் போவதில்லை என்பதை அவர் நெருங்கியவர்களிடம் வெளிப்படையாகவே கூறிவந்தார்.

இவ்வாறு நாள் குறுகியதை உணர்ந்த மனிதர் அவ்வாண்டு மே 1-இல் ராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தார். 1898-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவி மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது, டார்ஜிலிங்கில் உடல்நலத்திற்காகத் தங்கியிருந்தவர் நகருக்குத் திரும்பினார். நிவாரணத்திற்குப் பணம் வேண்டுமெனில் மடத்திற்கென வாங்கிய நிலத்தையே விற்றுவிடவும் துணிந்தார். நல்லவேளையாக அதற்குத் தேவை நேரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமர்நாத் பனிக்குகைக்கு யாத்திரை சென்று சிவபெருமானைத் தரிசித்தார். அம்மலையேற்றம் அவர் இருதயத்தைப் பெரிதும் பாதித்தது. உடலைப் பேணியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கலாம் என்போர் உண்டு. அது உண்மையாகவும் இருக்கலாம்.

1899-இல் இரண்டாம் முறை மேலைநாடு சென்று 1900 டிசம்பரில் திரும்பிய பின் பேலூர் மடத்திலேயே பெரும்பாலும் தங்கினார். பேருரைகள் குறைந்த இக்காலமே அவரை நன்கு காட்டுகிறது. வாத்துகளும் ஆடுகளும் பசுக்களும் நாயும் சூழ வாழ்ந்தார். மட்ரு என்ற ஆட்டுக்குட்டியின் கழுத்தில் சலங்கை கட்டி அதனுடன் ஓடி விளையாடினார். அது இறந்தபோது குழந்தைபோல் வருந்தினார். மடத்து நிலத்தைச் சீர்செய்ய வந்த சாந்தால் பழங்குடிக் கூலியாட்களோடு அமர்ந்து அவர்தம் கதைகளைக் கேட்டார். பூரி, கறி, இனிப்பு வகைகளோடு விருந்து படைத்து, அவர்களையே நாராயணனாக எண்ணி உபசரித்தார். தாயாரைக் கிழக்கு வங்காளத்திற்கும் அசாமிற்கும் தீர்த்த யாத்திரை அழைத்துச் சென்றார். வைத்தியர் விதித்தபடி மூன்று வாரங்கள் நீரே அருந்தாதிருந்த கடும் பத்தியத்தின்போதும் கலைக்களஞ்சியத் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தார்.

1902 ஜூலை 2 ஏகாதசி நாள். மடத்திற்கு வந்த சகோதரி நிவேதிதைக்கு அவரே உணவு பரிமாறி, உண்ட பின் கைகழுவ நீர் வார்த்துத் துண்டால் துடைத்துவிட்டார். இரு நாட்கள் கழித்து, ஜூலை 4 வெள்ளிக்கிழமை காலை, பூசையறையில் நெடுநேரம் தியானித்தார். நண்பகலில் சகோதரத் துறவிகளோடு அமர்ந்து விருப்போடு உணவருந்தினார். பின் பிரம்மசாரிகளுக்குச் சமஸ்கிருத இலக்கணம் கற்பித்தார். பாடம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீடித்ததாகக் கூறுவர். மாலையில் சுவாமி பிரேமானந்தருடன் இரண்டு மைல் தூரம் உலாவச் சென்று, மடத்தில் வேதக் கல்லூரி ஒன்று அமைக்க வேண்டும் என்பதைப் பற்றி உரையாடினார். இரவு ஒன்பது மணியளவில் அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. வயது முப்பத்தொன்பது.

தம் உடலை எரியூட்ட வேண்டிய இடத்தைச் சில நாட்களுக்கு முன்னரே அவர் சுட்டிக் காட்டியிருந்தார். மடத்து வளாகத்தில், கங்கைக் கரையில், வில்வ மரத்தின் அருகே அமைந்தது அவ்விடம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் குருநாதரின் திருமேனி எரியூட்டப்பெற்ற படித்துறை அதற்கு மறுகரையில் இருந்தது.